"டிக்கெட்... டிக்கெட்..." மறதி நோயில் தவிக்கும் மாஜி கண்டக்டர்! இல்லம் தேடி அலைந்த மகன் ராத்திரி 10.30 மணிக்கு கேட்டைத் தட்டியது ஏன்?

சென்னை:-

விடியற்காலை மணி 5. பெரம்பூரில் இருந்து பெசன்ட் நகருக்குப் புறப்பட்டது 29சி பஸ். பாதி சீட்டு காலி.

பின்பக்கப் படிக்கட்டு அருகே ஒரு முதியவர் எழுந்து நின்றார். காக்கிச் சட்டை, வேட்டி. தோளில் ஒரு பழைய தோல் பை.

"டிக்கெட்... டிக்கெட்... உள்ள போங்க சார், படியில நிக்காதீங்க."

காய்கறிக் கூடையோடு உட்கார்ந்து இருந்த ஒருவர், கையில் இருந்த சில்லறையை நீட்டியே விட்டார். முதியவர் அதை வாங்கி எண்ணினார். பைக்குள் கையை விட்டுத் துழாவினார். டிக்கெட் கட்டு இல்லை. அவர் முகம் வெளிறியது.

முன்னால் நின்ற நிஜ கண்டக்டர் திரும்பிப் பார்த்துத் திகைத்துப் போனார். சத்தம் போடவில்லை. "அண்ணே, உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். பெசன்ட் நகர் போய்ச் சேர்ந்ததும் டைம்கீப்பரிடம் ஒப்படைத்தார்.

போலீசில் புகார்

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அந்த முதியவருக்கு வயது 76. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972-ம் ஆண்டு தொடங்கியது. மறு ஆண்டே அதில் கண்டக்டராகச் சேர்ந்தவர் இவர். இதே 29சி பஸ்சில் பல ஆண்டுகள் பை மாட்டியவர். 2007-ம் ஆண்டு ஓய்வு பெற்றார்.

மனைவி காலமாகிவிட்டார். பெரம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மகன் பாரிமுனையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். மகள் தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். (குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் வெளியிடப்படவில்லை.)

அன்று காலை 4.30 மணிக்குப் பால் வாங்க எழுந்த மருமகள், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து அலறினார். மகன் லுங்கியோடு போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். ஆள் காணாமல் போனால் 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். உடனே கொடுக்கலாம். போலீசாரும் உடனே வாங்கிக்கொண்டு எல்லா நிலையங்களுக்கும் தகவல் கொடுத்தனர்.

காலை 7 மணிக்கு ஆள் கிடைத்தார். மகனைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி: "தம்பி, நீங்க எந்த டிப்போ?"

மருமகள் கண்ணீர்

மருமகள் கூறியதாவது:-

"ரெண்டு வருஷமா தூக்கம் இல்லீங்க. ஒரு நாள் கேசைத் திறந்து விட்டுட்டு வெளிய போய் உக்காந்துட்டாரு. அதுல இருந்து சிலிண்டரை மூடிட்டுத்தான் நான் குளிக்கவே போவேன். சாயங்காலம் 5 மணி ஆச்சுன்னா வீட்டுக்குப் போவணும், வீட்டுக்குப் போவணும்னு ஒரே அழுகை. இதுதான் மாமா வீடுன்னா கேக்க மாட்டாரு. போன மாசம் பிடிச்சு நிறுத்தப் போனேன், தள்ளி விட்டுட்டாரு. கதவு இடிச்சு நெத்தியில காயம். அவரு வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும். ஆனா நானும் மனுஷிதானே?"

அன்று இரவு மகன் வாயைத் திறந்தார். "ஏதாவது நல்ல இல்லமாப் பாத்து சேத்துடலாமா?"

தாம்பரத்தில் இருந்து வந்த மகள் கொதித்துப் போனார். "அம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்வியாண்ணா? அப்பாவை அநாதை மாதிரி விடப் போறியா?"

"அப்ப நீ கூட்டிட்டுப் போ" என்றார் அண்ணன். தங்கை வீட்டில் ஒரே ரூம். மாமியாரும் படுத்த படுக்கை. அவர் பதில் பேசவில்லை. அழுதார்.

முதலில் ஆஸ்பத்திரி

மறதி எல்லாமே மறதி நோய் அல்ல என்கிறார்கள் டாக்டர்கள். தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி-12 சத்து குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் ஞாபகம் தடுமாறும். முதியவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி ஏறினால் ஒரே நாளில் புத்தி குழம்பிவிடும். இவற்றைச் சரி செய்ய முடியும். ஆகவே இல்லம் தேடுவதற்கு முன்னால் பரிசோதனை முக்கியம்.

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் முதியோருக்கு என்று தனிப்பிரிவு 1978-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. நாட்டிலேயே இதுதான் முதல். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

இந்த முதியவருக்கு ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். வந்திருப்பது மறதி நோய்தான் என்று உறுதியானது. மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய் இது. மாத்திரைகள் உண்டு. அவை ஓரளவு தாக்குப்பிடிக்க உதவும். அடியோடு குணமாக்க மருந்து இல்லை.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொருவர் பின்னாலும் இப்படி ஒரு வீடு தூக்கம் இல்லாமல் தவிக்கிறது.

பளபளக்கும் பளிங்கு

அண்ணன், தங்கை, மருமகள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லம் பார்க்கக் கிளம்பினார்கள்.

முதல் இடம் கடற்கரைச் சாலையில். வாசலில் புல்வெளி. உள்ளே பளிங்குத் தரை, ஏ.சி., பெரிய டி.வி. மானேஜர் கழுத்தில் டை. மாதம் 45 ஆயிரம் ரூபாய், டெபாசிட் 2 லட்சம் என்றார். குளிர்பானம் கொடுத்தார்.

"மறதி நோய்க்காரங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார் மருமகள்.

"அவங்க மேல் மாடி மேடம். இப்ப ரெஸ்ட் டைம். விசிட்டர்ஸ் போகக் கூடாது."

எப்போது போகலாம் என்று கேட்டார் மகன். சேர்த்த பிறகு, மாதம் ஒரு ஞாயிறு, காலை 10 முதல் 12 வரை, அதுவும் கீழே ஹாலில்தான் என்று பதில் வந்தது.

மூவரும் பேசாமல் பஸ் ஏறினார்கள்.

11 பேரும் தூக்கம்

இரண்டாவது இடம் ஆவடிக்கு அந்தப் பக்கம். மாதம் 15 ஆயிரம்தான். மகனுக்குக் கட்டுப்படியாகும் தொகை. மாலை 4 மணிக்குப் போனார்கள். கேட்டிலேயே பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது.

உள்ளே 11 கட்டில்கள். 11 பேரும் தூக்கம்.

மருமகள் மகனின் சட்டையை இழுத்தார். "சாயங்காலம் 4 மணிக்கு மாமா ஒரு நிமிஷம் உக்காருவாரா? இங்க எப்படி அத்தனை பேரும் தூங்கறாங்க?"

தூக்க மாத்திரை யார் எழுதிக் கொடுக்கிறார் என்று கேட்டார் மகன். "டாக்டர்தான்." எந்த டாக்டர், சீட்டு எங்கே? சீட்டு வரவில்லை.

ஒரு கட்டில் காலில் துப்பட்டா முடிச்சு. மறுமுனை ஒரு பாட்டியின் மணிக்கட்டில். தோல் உரிந்து கன்றிப் போய் இருந்தது. "கீழ விழாம இருக்கத்தான் சார்" என்றார் அங்கே இருந்தவர்.

தூங்க வைப்பதற்காக மன நோய் மாத்திரைகளைக் கண்டபடி கொடுத்தால், மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு உயிர் ஆபத்து கூடும் என்று அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ம் ஆண்டே எச்சரித்து இருக்கிறது.

கட்டிப் போடுவதன் கொடுமையைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகிச் செத்தார்கள். மன நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு சட்டம் திட்டவட்டமாகத் தடுக்கிறது.

ஏ.டி.எம். கார்டு எங்கே?

மூன்றாவது இடத்தில் பேச்சே வேறு மாதிரி.

"ஐயாவுக்குப் பென்ஷன் வருதா? ரொம்ப நல்லது. ஏ.டி.எம். கார்டையும் ரகசிய நம்பரையும் குடுத்துடுங்க. நாங்களே மாசா மாசம் எடுத்துக்கிறோம். உங்களுக்கு அலைச்சல் இல்ல."

மேஜை மேல் ஒரு 20 ரூபாய் பத்திரத் தாள். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. கீழே கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்கள். பத்து வருடங்களுக்கு மேல் கணக்கு எழுதிப் பழகிய மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பதிவுச் சான்றிதழைக் கேட்டார். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார்கள். எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் தங்கை சொன்னார்: "இதுக்கு அப்பா பஸ்சுலயே சுத்திட்டு இருக்கலாம்."

பழைய வீடு

நான்காவது இடத்தை யாரும் விளம்பரத்தில் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு அம்மாள் சொன்னது. ஓட்டு வீடு மாதிரி பழைய கட்டிடம். சுவரில் காரை பெயர்ந்து இருந்தது. மகளுக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

14 பேர் இருந்தார்கள். திண்ணையில் இரண்டு பாட்டிகள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டு இருந்தார்கள். ஒருவர் ஆய்ந்ததை இன்னொருவர் மறுபடி கொட்டிக் கலந்துகொண்டு இருந்தார். யாரும் திட்டவில்லை. கக்கூசில் சுவரோரம் பிடித்துக்கொள்ளக் கம்பி. தரையில் சொரசொரப்பான ஓடு. பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது.

நடத்துகிற அம்மையார் பீஸ் பேசவில்லை. முதலில் கேள்வி கேட்டார். "அப்பா என்ன வேலை பாத்தாரு? வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க? காபியா, டீயா? எத்தனை மணிக்கு எழுந்திருப்பாரு? எதுக்குப் பயப்படுவாரு?" எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"விழ மாட்டாருன்னு உத்தரவாதம் குடுப்பீங்களா?" என்று வெடுக்கென்று கேட்டார் மகள்.

"மாட்டேம்மா. நடக்கறவங்க விழத்தான் செய்வாங்க. விழாம இருக்கணும்னா கட்டித்தான் போடணும். அதை நாங்க செய்றதில்ல. ஆனா விழுந்தா அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு போன் வரும். மறைக்க மாட்டோம்."

பார்வை நேரம் என்ன என்று கேட்டார் மகன். "உங்க அப்பாவைப் பாக்க உங்களுக்கு என்ன நேரம்? எப்ப வேணும்னாலும் வாங்க."

மாதம் 28 ஆயிரம். டயாபருக்கும் மருந்துக்கும் தனிக் கணக்கு, ரசீதோடு. பென்ஷனோடு அண்ணன், தங்கை இருவரும் பங்கு போட்டால் சமாளிக்கலாம்.

ராத்திரி 10.30 மணி

மகன் உடனே சரி சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கடையைப் பூட்டிய பிறகு, யாரிடமும் சொல்லாமல் அங்கே போனார். மணி இரவு 10.30. கேட்டைத் தட்டினார்.

இரண்டு நிமிடத்தில் கதவு திறந்தது. திறந்தவர் ஒரு ஆயா. அவர் முகத்தில் தூக்கக் கலக்கம் இல்லை. ஒரு பெரியவர் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

"எப்ப வேணும்னாலும் வரலாம்னாங்க..." என்று இழுத்தார் மகன்.

"வாங்க சார். செருப்பை அங்க விடுங்க. இவருக்குத் தூக்கம் வரல. ரெண்டு பேரும் நடந்துட்டு இருக்கோம்."

ராத்திரிக்கு எத்தனை பேர் என்று கேட்டார். ஆயா இருவர், வாட்ச்மேன் ஒருவர். இன்னொரு ஆயா உள்ளே ஒரு பாட்டிக்குத் துணி மாற்றிக்கொண்டு இருந்தார். படுத்த படுக்கையாக இருக்கும் இருவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைத்ததாகச் சுவரில் தொங்கிய தாளில் நேரம் போட்டு எழுதி இருந்தது. பின்பக்கக் கதவின் சாவி வாட்ச்மேன் இடுப்பில். தீ அணைக்கும் கருவி கையெட்டும் உயரத்தில்.

மகன் ஒரு குறையும் பார்த்தார். நடையில் ஒரு பல்பு எரியவில்லை. மறுநாள் சொன்னார். அடுத்த முறை போனபோது எரிந்தது.

கேட்க வேண்டியவை

இப்படி இல்லம் தேடுகிறவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டியவை எவை? மூன்று மாதம் அலைந்த இந்தக் குடும்பமும், முதியோர் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரும் சொன்னவை வருமாறு:-

1. பகலில் எத்தனை ஆட்கள், ராத்திரி எத்தனை ஆட்கள்? ராத்திரி கணக்குதான் முக்கியம்.

2. மாலை 5 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். மறதி நோய்க்காரர்களுக்குப் பதற்றம் கூடும் நேரம் அது. அப்போது ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

3. சுவரைப் பார்க்காதீர்கள். அங்கே இருக்கும் முதியவர்களின் நகம், உதடு, குதிகால், மணிக்கட்டு இவற்றைப் பாருங்கள்.

4. சாப்பாட்டு நேரத்தில் இருங்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கி ஊட்டுகிறார்கள்? அவசரமாகத் திணித்தால் புரை ஏறும்.

5. எந்த டாக்டர், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார்? மாத்திரை எழுதும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

6. நடுராத்திரியில் மூச்சு முட்டினால் எந்த ஆஸ்பத்திரி, என்ன வண்டி?

7. தீப்பிடித்தால் எந்த வழி? பூட்டின் சாவி யாரிடம்?

8. சமூக நலத் துறை பதிவு இருக்கிறதா? சான்றிதழில் தேதியைப் பாருங்கள்.

9. டெபாசிட் திரும்பி வருமா? எழுத்தில் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும், ஏ.டி.எம். ரகசிய நம்பரும் யாருக்கும் கூடாது.

10. எந்த நேரமும் வந்து பார்க்கலாமா? "கூடாது" என்றால் அடுத்த பஸ்சைப் பிடியுங்கள்.

விட்டுவிட்டு ஓடினால் சிறை

சேர்த்துவிட்டு, போன் நம்பரை மாற்றிக்கொண்டு மறைந்து போகிறவர்களும் உண்டு. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ம் ஆண்டு வந்தது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவர் முதியவரை அடியோடு கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். கோட்ட அளவில் உள்ள தீர்ப்பாயத்தில் முதியவர்கள் ஜீவனாம்சம் கேட்டு மனுக் கொடுக்கலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச போன் நம்பர் இருக்கிறது.

5 மணி 14 நிமிடம்

முதியவரை ஒரேயடியாகக் கொண்டுபோய் விடவில்லை. முதல் இரண்டு வாரம் காலையில் கூட்டிப் போய், மாலையில் அழைத்து வந்தார்கள். இடம் பழகிய பிறகுதான் தங்க வைத்தார்கள். முதல் ராத்திரி மகன் அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொண்டார். சட்டைக் காலருக்கு உள்ளே போன் நம்பரைத் தைத்துக் கொடுத்தார் மருமகள்.

மூன்றாவது வாரம். அதிகாலை 5 மணி 14 நிமிடம். மகனின் செல்போன் அலறியது.

"சார், அப்பா விழுந்துட்டாரு. டூட்டிக்குப் போவணும்னு வேகமா எழுந்தாரு. புருவத்துல காயம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

இரண்டு தையல். மகள் தாம்பரத்தில் இருந்து ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? சொன்னேன்ல? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

மகன் இல்லத்துக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "5.10. கட்டிலில் இருந்து எழும்போது விழுந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். பிடிக்க முடியவில்லை." கீழே ஆயாவின் கையெழுத்து. நோட்டைத் தங்கையிடம் நீட்டினார் அவர்.

தங்கை அதை இரண்டு தடவை படித்தார்.

"வீட்ல கேசைத் திறந்து விட்டாரே, அன்னிக்கு எனக்கு யாரும் போன் பண்ணலியேண்ணா" என்றார். "நாலு நாள் கழிச்சுத்தானே சொன்னீங்க."

அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை.

முதியவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். கட்டிலின் உயரத்தைக் குறைத்து இருக்கிறார்கள். ஞாயிறு மகனும் மருமகளும், புதன் மதியம் மகளும் போகிறார்கள். மாதம் ஒரு ராத்திரி, சொல்லாமல் கொள்ளாமல் போய் மகன் கேட்டைத் தட்டுகிறார்.

"சேத்ததோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சோம்" என்றார் மருமகள். "முடியல. போய்ப் பாக்கிறதுதான் வேலை. ஆனா இப்ப ராத்திரி தூங்கறேன். அதைச் சொல்றதுக்கே கூச்சமா இருக்குங்க."

தோல் பையையும் இல்லத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதிகாலையில் எழுந்ததும் முதியவர் அதை மாட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிறார். டிக்கெட் கேட்கிறார். அந்த ஆயா கையோடு ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்து வைத்து இருக்கிறார்.

"பாஸ் இருக்குண்ணே" என்று காட்டுகிறார்.

முதியவர் அதை வாங்கித் தேதியைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார். சில நாள் "சரி" என்கிறார். சில நாள் "இது போன மாசத்துதும்மா, எறங்கு" என்கிறாராம்.